பெயர் இருக்கிறது, பக்கம் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்: கணினிப் பகுதி

பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே திசையில் கை காட்டுவதால், இந்த முறை அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம். பிளாக்செயின் டொமைன் பெயர் ஒன்று கையில் இருந்தால், அது சுட்டும் உள்ளடக்கப் பதிவைப் பைத்தானில் எடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். கட்டளைகளையும் ஒலிபெயர்த்தே அச்சிட்டிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். பதினாறடிமான எண்களில் வரும் ஆறு எழுத்துகளும் இங்கே ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று வரும்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக ஒரு .எத் பெயரைக் கொடுத்து அதன் வலைப்பக்கத்தை எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது? வாலட்டும் அதில் கொஞ்சம் ஈத்தரும் வேண்டும் என்கிறார்கள் தோழிகள். உண்மையா?
– வாசகி, காட்பாடி

பதில்: வேண்டாம். பிளாக்செயினில் எழுதத்தான் கேஸ் கட்டணம், படிக்கக் காசில்லை. வாலட், தனிச்சாவி, பன்னிரண்டு சொல் ரகசியத் தொடர் எதுவும் இதற்குத் தேவைப்படாது. கேட்கிற ஸ்கிரிப்ட் எதையாவது கண்டால் மூடிவிட்டு எழுந்து போங்கள்.

காட்பாடிக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சென்னையிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் வேலூருக்கு வருகிறவர் உங்கள் ஜங்ஷனில்தான் இறங்குகிறார். போக வேண்டிய ஊர் ஒன்று, இறங்கும் இடம் வேறு. அங்கிருந்து பஸ் பிடித்துப் பாலாற்றைத் தாண்ட வேண்டும். .எத் பெயர்களின் பதிவு அமைப்பான இஎன்எஸ்ஸும் அப்படித்தான். பெயரை ஹேஷாக மாற்றி ரெஜிஸ்ட்ரி கான்ட்ராக்ட்டிடம் (சங்கிலியில் ஓடும் நிரல்) கேட்டால் அது பக்கத்தைத் தராது; அந்தப் பெயரின் பதிவுகளை வைத்திருக்கும் ரிசால்வர் எந்த முகவரியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ரிசால்வரிடம் கேட்டால் கொஞ்சம் பைட்டுகள் கிடைக்கும். அதைப் பிரித்தால் ஐபிஎஃப்எஸ் (கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் வலையமைப்பு) முகவரி. அந்த முகவரியோடு, உலாவிக்கு அந்த வலையமைப்பைத் திறந்துவிடும் கேட்வேக்குப் போனால்தான் பக்கம். இந்த நான்கில் எது பிசகினாலும் கடைசியில் ‘பக்கம் வரவில்லை’ என்று ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்து விடையையும் தனியாகப் பிரின்ட் போட்டுப் பாருங்கள். வேலையில் பாதி அதுதான்.

இனி நடைமுறை. ‘பிப் இன்ஸ்டால் வெப்3’ போதும். ‘என்ஸ்’ என்கிற மாட்யூல் அதற்குள்ளேயே வருகிறது, தனியாகத் தேடி நிறுவாதீர்கள். ஒரு எத்தீரியம் ஆர்பிசி முகவரி (சங்கிலியிடம் கேள்வி கேட்கும் இணைய முகவரி) வேண்டும். சொந்த நோட் ஓடினால் 8545ஆம் போர்ட், இல்லையென்றால் சேவை நிறுவனம் ஏதாவது ஒன்றின் இலவசக் கணக்கு. இணைத்தவுடன் ‘செயின்_ஐடி’யைக் கேளுங்கள், 1 என்று வர வேண்டும். 11155111 என்று வந்தால் நீங்கள் நிற்பது செபோலியா சோதனைச் சங்கிலியில். மெயின்நெட் பெயர்களின் பதிவுகள் அங்கே கிடைக்காது.

அடுத்து ‘இஎன்எஸ்.ஃப்ரம்_வெப்3’ கொண்டு ‘என்எஸ்’ என்று ஒரு பொருளை உருவாக்கி, அதன் ‘ரிசால்வர்’ செயற்கூறுக்குப் பெயரைக் கொடுங்கள். ‘நன்’ என்று வந்தால் பெயர் பதிவாகவில்லை, அல்லது பதிவான பெயருக்கு ரிசால்வர் வைக்கப்படவில்லை. கான்ட்ராக்ட் வந்தால் அதன் முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு செயற்கூறு உள்ள சின்ன ஏபிஐ பட்டியலை நீங்களே எழுதுவது நல்லது. பெயர் ‘கன்டென்ட்ஹேஷ்’, உள்ளீடு ‘பைட்ஸ்32’ வகையில் ‘நோட்’, வெளியீடு ‘பைட்ஸ்’, நிலை ‘வியூ’. (தமிழில் எழுதினால் கான்ட்ராக்ட்டின் ஏபிஐயும் இணையச் சேவையின் ஏபிஐயும் ஒரே மாதிரி நிற்கின்றன. நடு எழுத்து ஒன்றில் ‘பஸ்’ஸின் ப, மற்றதில் ‘படம்’ என்பதன் ப. இங்கே சொல்வது முதலாவது.) அந்தச் செயற்கூறுக்கு ‘என்எஸ்.நேம்ஹேஷ்’ தருகிற 32 பைட்டைக் கொடுத்து ‘கால்’ செய்தால் பதிவு கையில்.

வெற்று பைட் சரம் வந்தால் அது பிழை அல்ல. உரிமையாளர் பணம் பெறும் முகவரியை மட்டும் வைத்துவிட்டு உள்ளடக்கத்தை நிரப்பவில்லை என்று பொருள். ‘எக்ஸிக்யூஷன் ரிவர்ட்டட்’ என்று வந்தால், பெரும்பாலும் அது கன்டென்ட்ஹேஷ் என்கிற செயற்கூறே இல்லாத பழைய ரிசால்வர். இஎன்எஸ் தொடங்கியது 2017 மே மாதம். கன்டென்ட்ஹேஷ் பதிவுக்கான வரைவு, 1577 என்கிற இஐபி (எத்தீரியம் மேம்பாட்டு முன்மொழிவு), 2018இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் ‘கன்டென்ட்’ என்று 32 பைட் புலம் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை: 2023இல் வெளியான வெப்3 6ஆம் பதிப்பிலிருந்து பெயர்கள் மாறிவிட்டன. ‘ஃப்ரம்வெப்3’, ‘இஸ்கனெக்டட்’ என்று நடுவில் பெரிய எழுத்தோடு ஒட்டி எழுதியவை எல்லாம் இப்போது அடிக்கோடு போட்டு வரும். பழைய பாடத்தைப் பார்த்து அடித்தால் ‘அட்ரிப்யூட் எர்ரர்’ வருவது அதனால்தான்.

கேள்வி: நேம்ஹேஷை நானே எழுதிப் பார்த்தேன். பைத்தானின் ஹேஷ்லிப்பில் உள்ள ‘ஷா3_256’ பயன்படுத்தினேன். எந்தப் பெயரைக் கொடுத்தாலும் ரிசால்வர் முகவரி பூஜ்ஜியமாகவே வருகிறது. கணக்கில் தவறு தெரியவில்லை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: கணக்கு சரி, மாவு வேறு. எத்தீரியம் பயன்படுத்துவது கெச்சாக்-256. ஷா3-256 அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் 2015 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் அதைத் தரமாக்கியபோது, செய்தியின் இறுதியில் ஒட்டும் நிரப்பு பிட்டுகளை மாற்றிவிட்டது. கெச்சாக்கில் நிரப்பு 01 என்று தொடங்கும், ஷா3இல் 06 என்று. அந்த ஒரு மாற்றம் போதும், விடை முழுக்க வேறாகிவிடும். பிழைச் செய்தி வராது என்பதுதான் இதில் தொல்லை.

சோதிக்க எளிய வழி வெற்றுச் சரம். அதன் ஹேஷ் ‘சி5டி246’ என்று தொடங்கினால் கெச்சாக். ‘ஏ7எஃப்எஃப்சி6’ என்று தொடங்கினால் நீங்கள் பிடித்திருப்பது ஷா3. ‘வெப்3.கெச்சாக்’ என்று கூப்பிட்டால் சரியானதே கிடைக்கும்.

நேம்ஹேஷ் போடும் முறை: 32 பூஜ்ஜிய பைட்டில் தொடங்குங்கள். பெயரைப் புள்ளியில் வெட்டி, வலமிருந்து இடமாக ஒவ்வொரு துண்டாக எடுங்கள். துண்டை ஹேஷ் செய்து, கையில் இருக்கும் 32 பைட்டின் பின்னால் ஒட்டி, கிடைக்கிற 64 பைட்டை மறுபடி ஹேஷ் செய்யுங்கள். ‘எத்’ என்பதற்கு மட்டும் போட்டால் ‘93சிடிஇபி70’ என்று தொடங்க வேண்டும். இந்த வெட்டு-ஒட்டில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். பைட்டுகளை ஒட்டுவதற்குப் பதில், அவற்றின் பதினாறடிமான எழுத்துச் சரங்களை ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டியதன் நீளம் 64ஆ என்று ஒரு ‘அசெர்ட்’ போட்டு வையுங்கள். 128 வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: கன்டென்ட்ஹேஷ் கிடைத்துவிட்டது. ‘இ3 01 01 70 12 20’ என்று தொடங்கி நீளமாகப் போகிறது. இதை அப்படியே கேட்வே முகவரியில் ஒட்டினால் வேலை செய்யவில்லை. இதை எப்படிப் படிப்பது?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இது விலாசம் எழுதிய உறை, உறையைப் பிரித்தால்தான் கடிதம். நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம்.

‘இ3 01’ என்கிற முதல் இரண்டு பைட்டும் எந்த வலையமைப்பு என்று சொல்கின்றன: ஐபிஎஃப்எஸ். பைத்தானில் பைட் சரத்தின் முதல் உறுப்பை அச்சிட்டால் 227 என்று தெரியும். 229 என்றால் ஐபிஎன்எஸ் (சாவி வழியே சுட்டுவது, பக்கம் மாறினாலும் முகவரி மாறாது), 228 என்றால் ஸ்வார்ம் (வேறொரு சேமிப்பு வலையமைப்பு). இரண்டாவதாக வரும் 01, இந்த எண் வேரின்ட் முறையில் எழுதப்பட்டிருப்பதால் வருகிறது: ஒரு பைட்டில் ஏழு பிட்தான் எண்ணுக்கு, எட்டாவது பிட் ‘இன்னும் இருக்கிறது’ என்கிற கொடி. 227 ஏழு பிட்டில் அடங்காது, அதனால் இரண்டு பைட். ஆர்வீவ் என்ற மற்றொரு வலையமைப்பின் பதிவுகளில் இந்த முன்னொட்டே நான்கு பைட், ‘90 பி2 சிஏ 05’. எனவே ‘முதல் இரண்டை வெட்டு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல், வேரின்ட்டைப் படிக்க ஐந்தாறு வரியில் ஒரு செயற்கூறு எழுதிவிடுவது நல்லது.

மிச்சமிருப்பது சிஐடி, அதாவது உள்ளடக்கத்தின் அடையாளக் குறி. முதல் 01 அதன் பதிப்பு. 70 என்பது டேக்-பிபி, அதாவது ஐபிஎஃப்எஸ் அடைவு அல்லது கோப்பு அமைப்பு. 12 என்றால் ஷா2-256, 20 என்றால் 32 பைட் நீளம் (பதினாறடிமானத்தில் 20 என்பது நம் 32). பிறகு அந்த 32 பைட் ஹேஷ். ஆக ஐபிஎஃப்எஸ் பதிவின் மொத்த நீளம் 38 பைட். 38 இல்லாமல் வேறு நீளம் வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நின்று பாருங்கள்.

இதை உலாவிக்குத் தர, முன்னொட்டை நீக்கிய 36 பைட்டை பேஸ்32இல் எழுத வேண்டும். தனி நூலகம் எதுவும் வேண்டாம். பைத்தானின் ‘பேஸ்64’ மாட்யூலில் உள்ள ‘பி32என்கோட்’ போதும். வந்த விடையைச் சின்ன எழுத்தாக்கி, வால் பக்கம் உள்ள சமக்குறிகளை நீக்கி, தலையில் ஒரு ‘பி’ (ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து) சேருங்கள். 59 எழுத்து வர வேண்டும், ‘பாஃபி’ என்று தொடங்க வேண்டும். பெரிய எழுத்திலேயே விட்டுவிட்டால் கேட்வே தவறான சிஐடி என்று திருப்பி அனுப்பக்கூடும். ‘பி’ என்கிற முன்னெழுத்து சின்ன எழுத்து பேஸ்32 என்பதற்கான அடையாளம்; அதற்குப் பின் பெரிய எழுத்து வந்தால் முரண்.

‘கியூஎம்’ என்று தொடங்கும் 46 எழுத்து வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே 32 பைட் ஹேஷ்தான், பழைய பதிப்பு, பேஸ்58. அதில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. டொமைன் பெயரில் அந்த வேறுபாடு நிற்காது. ஆகவே சிஐடியைச் சப்டொமைனாக வைக்கும் கேட்வேக்கு பேஸ்32தான் சரி.

ஐபிஎன்எஸ் வந்தால் கொஞ்சம் கூடுதல் வேலை. அதன் சிஐடி 40 பைட்; பேஸ்32இல் எழுதினால் 65 எழுத்தாகும். டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 63தான் உச்சம். அதனால் பேஸ்36. பைத்தானில் அதற்குத் தயார்ச் செயற்கூறு இல்லை. ‘இன்ட்.ஃப்ரம்_பைட்ஸ்’ மூலம் ஒரே பெரிய எண்ணாக்கி, 36ஆல் வகுத்து மீதிகளை எழுத்தாக்கி, தலைகீழாகத் திருப்பி, முன்னால் ‘கே’ போடுங்கள். 62 எழுத்து வரும், ‘கே51’ என்று தொடங்கும். சில பதிவுகளில் சாவிக்குப் பதில் சாதாரண டொமைன் பெயரே பொதிந்திருக்கும்: முன்னொட்டுக்குப் பின் ‘01 70 00’, அடுத்து நீளம், பிறகு நேரடி எழுத்துகள். அப்போது எந்த பேஸும் வேண்டாம், ‘டிகோட்’ செய்தால் பெயர் படிக்கக் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழிலேயே .எத் பெயராகத் தேடிப் பார்த்தேன். என் நிரலும் நண்பர் நிரலும் வேறு வேறு ஹேஷ் தருகின்றன. இருவர் திரையிலும் எழுத்து ஒன்றுதான்!
– வாசகர், சோளிங்கர்

பதில்: உங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்திலேயே வம்பு இருக்கிறது. ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ஒரே குறியாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று. பைத்தானில் ‘லென்’ போட்டால் ‘சோளிங்கர்’ ஒன்றில் 9, மற்றதில் 10. யுடிஎஃப்-8 பைட்டாக மாற்றினால் 27, 30. ஹேஷுக்குத் தெரிவது பைட் மட்டும்தான். அதன் கண்ணில் இவை இரு வேறு ஊர்கள். ஜோலார்பேட்டைக்கும் இதே கதை. வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் இந்தத் தொந்தரவு கிடையாது.

ஹேஷுக்கு முன் ‘யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்’ கொண்டு என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் இஎன்எஸ்ஸுக்கு அது மட்டும் போதாது. அதற்கென்று இஎன்சிப்-15 என்ற தனி விதித்தொகுப்பு இருக்கிறது. பெரிய எழுத்தைச் சின்னதாக்குவது, கண்ணுக்குத் தெரியாத குறிகளைப் பிடிப்பது, ஒரே துண்டில் தமிழும் ஆங்கிலமும் கலந்தால் மறுப்பது எல்லாம் அதில் அடக்கம். வெப்3யின் ‘நேம்ஹேஷ்’ இயல்பாக்கலைத் தானே செய்துவிடும். கையால் எழுதிய நேம்ஹேஷ் செய்யாது. நண்பருக்கும் உங்களுக்கும் வந்த வேறுபாடு அநேகமாக இங்கேதான். ‘இன்வேலிட்நேம்’ என்று பிழை வந்தால் எரிச்சல்பட வேண்டாம். தப்பான பெயருக்குப் பணம் போவதைவிடப் பிழைச் செய்தி மேல்.

இயல்பாக்கல் காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. ‘கௌரி’யை ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்துக் ‘கெளரி’ என்று அடிக்கிறோமே, அது யூனிகோடுக்கு உண்மையிலேயே வேறு சொல். எந்த நூலகமும் அதைச் சேர்த்து வைக்காது. தமிழ்ப் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்யும்போது இதை நீங்களேதான் தேட வேண்டும்.

கேள்வி: சிஐடி சரியாக வருகிறது, 59 எழுத்தும் இருக்கிறது. ஆனால் கேட்வே ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 504 என்கிறது. பிளாக்செயினில் போட்டால் அழியாது என்றார்களே?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பிளாக்செயினில் இருப்பது சுட்டிதான். பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தால் சர்வே எண் தெரியும். அந்த இடத்தில் வீடு நிற்கிறதா என்று நேரில் போனால்தான் தெரியும். ஐபிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு கிடைக்க வேண்டுமென்றால் உலகில் ஏதாவது ஒரு நோடாவது அதை ‘பின்’ செய்து (அழிக்காமல் தக்கவைத்து) வைத்திருக்க வேண்டும். பக்கத்தை ஏற்றியவர் பின் சேவைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தியிருந்தால் பதிவு இருக்கும், பக்கம் இருக்காது. கேட்வே தேடிக் களைத்து 504 சொல்லும்.

உண்மையில் யாரிடமும் இல்லையா என்று பார்க்க, கணினியில் கியூபோ என்ற ஐபிஎஃப்எஸ் மென்பொருளை நிறுவி ‘ஐபிஎஃப்எஸ் ரௌட்டிங் ஃபைன்ட்ப்ராவ்ஸ்’ என்று சிஐடியைக் கொடுங்கள். ஒரு வரியும் வராவிட்டால் வைத்திருப்பவர் யாரும் இல்லை, அல்லது வைத்திருப்பவர் வெளியே தெரிகிற நிலையில் இல்லை. நீங்களே ஏற்றிய பக்கமாக இருந்தால் வீட்டு ரௌட்டரில் 4001ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டியலில் ஆள் இருந்தும் கேட்வே திணறினால் நிரலில் பொறுமை போதவில்லை. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்துக்கு ‘டைம்அவுட்’ கொடுக்காவிட்டால் அது எல்லையில்லாமல் காத்திருக்கும். 5 விநாடி கொடுத்தால் முதல் தேடலுக்குப் போதாது. இணைப்புக்கு 5, படிக்க 60 என்று இரண்டாகக் கொடுத்து, இரண்டு மூன்று முறை முயலுங்கள். கேட்வேயும் ஒன்றையே நம்பாதீர்கள். கிளவுட்ஃப்ளேர் தன் பொது ஐபிஎஃப்எஸ் கேட்வேயை 2024இல் விலக்கிக்கொண்டது; ஒரே முகவரியை நிரலுக்குள் எழுதி வைப்பது ஆபத்து. கியூபோ ஓடினால் உங்கள் கணினியின் 8080ஆம் போர்ட்டிலேயே ஒரு கேட்வே இருக்கிறது.

பக்கம் வந்தும் படமும் நடையும் வராமல் வெறும் எழுத்தாகத் தெரிந்தால், அது பாதை வடிவ முகவரியின் கோளாறு. பக்கத்துக்குள் ‘/ஸ்டைல்.சிஎஸ்எஸ்’ என்று சாய்கோட்டில் தொடங்கும் இணைப்பு, சிஐடியைத் தாண்டி கேட்வேயின் வேருக்குப் போய்விடுகிறது. சிஐடியைச் சப்டொமைனாக வைத்துக் கேளுங்கள், சரியாகிவிடும்.

கேட்வே தந்தது அசல்தானா என்ற சந்தேகமும் நியாயமானதே. முகவரியின் கடைசியில் ‘?ஃபார்மட்=ரா’ சேர்த்துக் கேட்டால் வேர்த் துண்டின் பச்சை பைட்டுகள் கிடைக்கும். அவற்றை ‘ஹேஷ்லிப்.ஷா256’இல் போட்டு, கன்டென்ட்ஹேஷின் கடைசி 32 பைட்டோடு ஒப்பிடுங்கள். (இங்கே வேண்டியது ஷா2. குடியாத்தம் வாசகர் குழம்ப வேண்டாம்.) பொருந்தினால் வேர் அசல். கியூபோ இயல்பாக 256 கிலோபைட்டாகக் கோப்பை வெட்டுவதால், பெரிய பக்கம் என்றால் கீழே உள்ள துண்டுகளையும் இதே மாதிரி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: காலாவதியான .எத் பெயர் ஒன்று இன்னும் பக்கத்தைக் காட்டுகிறதே, எப்படி?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: காலாவதி ஆனவுடன் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவை யாரும் அழிப்பதில்லை. 90 நாள் சலுகைக் காலம் முடிந்து வேறொருவர் அந்தப் பெயரை வாங்கி மாற்றும்வரை பழைய சுட்டி அப்படியே கிடக்கும். உயிரோடு இருக்கிற பெயரா என்று தெரிய வேண்டுமானால் .எத் ரெஜிஸ்ட்ரார் கான்ட்ராக்ட்டில் ‘நேம்எக்ஸ்பயர்ஸ்’ என்று கேளுங்கள். அதற்குக் கொடுக்க வேண்டியது நேம்ஹேஷ் அல்ல. புள்ளிக்கு முந்தைய துண்டின் கெச்சாக்கை முழு எண்ணாக மாற்றியது.

கேள்வி: .கிரிப்டோ, .என்எஃப்டி என்று முடியும் பெயர்களுக்கு இதே நிரல் ‘நன்’ என்கிறது.
– வாசகி, ஆரணி

பதில்: அவை இஎன்எஸ் பெயர்களே அல்ல, அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் என்ற வேறு கடையின் சரக்கு. நேம்ஹேஷ் போடும் முறை அதேதான். ஆனால் விடையை முழு எண்ணாக மாற்றி டோக்கன் எண்ணாகப் பயன்படுத்த வேண்டும். கேட்க வேண்டிய இடம் ‘ப்ராக்ஸிரீடர்’ கான்ட்ராக்ட். அதன் முகவரி எத்தீரியத்தில் ஒன்று, பாலிகான் என்ற இன்னொரு சங்கிலியில் ஒன்று. நிறுவனத்தின் ஆவணத்திலிருந்து மட்டும் எடுங்கள். ‘கெட்டேட்டா’வுக்குச் சாவிகளின் பட்டியலையும் டோக்கன் எண்ணையும் கொடுத்தால் ரிசால்வர், உரிமையாளர், மதிப்புகள் மூன்றும் சேர்ந்து வரும். உரிமையாளர் பூஜ்ஜிய முகவரி என்றால் அந்தச் சங்கிலியில் பெயர் இல்லை, அடுத்ததில் பாருங்கள்.

உள்ளடக்கத்துக்கான சாவி ‘டிவெப்.ஐபிஎஃப்எஸ்.ஹேஷ்’. பழைய பெயர்களில் ‘ஐபிஎஃப்எஸ்.எச்டிஎம்எல்.வேல்யூ’. இரண்டையும் ஒரே அழைப்பில் கேட்டு, முதலாவது வெற்றாக இருந்தால் இரண்டாவதை எடுங்கள். இங்கே பைட் பிரிக்கும் வேலை இல்லை, மதிப்பு நேரடி எழுத்துச் சரம். அதனாலேயே உரிமையாளர் அடித்த கூடுதல் இடைவெளியும், முன்னால் ஒட்டிய ‘ஐபிஎஃப்எஸ்://’ என்பதும் அப்படியே வரக்கூடும். ‘ஸ்ட்ரிப்’ செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சில்லிக்கா சங்கிலியில் பிறந்த .சில் பெயர்களின் மூலப் பதிவேட்டில் கெச்சாக்குக்குப் பதில் ஷா-256 பயன்படுகிறது. .காயின் என்று முடிவதை அந்த நிறுவனமே 2022இல் கைவிட்டுவிட்டது. வேறொரு பழைய பிளாக்செயினில் அதே முடிவு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான் காரணம். வழக்கமான இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் போன்ற மைய அமைப்பு எதுவும் இந்த முடிவுகளைப் பங்கிட்டுத் தராததால், ஒரே முடிவை இரண்டு கடைகள் விற்பதைத் தடுக்க ஆளில்லை. நிரலில் எந்த முடிவு எந்தப் பதிவேட்டுக்குப் போகும் என்ற அட்டவணையை வெளியே ஒரு கோப்பில் வையுங்கள். நாளை மாறும்.

கேள்வி: ‘ஆஃப்செயின்லுக்கப்’ என்று ஒரு பிழை சில சப்டொமைன்களுக்கு மட்டும் வருகிறது.
– வாசகர், வாணியம்பாடி

பதில்: அது பிழை வேடத்தில் வரும் வழிகாட்டல். ‘விடை என்னிடம் இல்லை, இந்த இணைய முகவரியில் கேட்டு வாங்கி வா, சரிபார்க்கிறேன்’ என்று ரிசால்வர் சொல்கிறது. இஐபி 3668 இந்த முறையை வரையறுக்கிறது. வெப்3 இதைத் தானே பின்தொடரும், இயல்பாக நான்கு தாவல் வரை. உங்களுக்கு அது பிழையாகத் தெரிந்தால் ‘சிசிஐபி_ரீட்_எனேபிள்ட்’ என்பதை யாரோ அணைத்திருக்க வேண்டும், அல்லது ‘எத்_கால்’ஐ நூலகம் இல்லாமல் நேராக அனுப்புகிறீர்கள்.

இத்தகைய சப்டொமைனுக்கு ரெஜிஸ்ட்ரியில் சொந்த ரிசால்வர் இருக்காது, தாய்ப் பெயரின் ரிசால்வரே பொறுப்பு. அதனிடம் ‘சப்போர்ட்ஸ்இன்டர்ஃபேஸ்’ மூலம் ‘9061பி923’ உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால் கன்டென்ட்ஹேஷை நேராகக் கூப்பிடாமல் ‘ரிசால்வ்’ என்கிற செயற்கூறைக் கூப்பிட வேண்டும். அதற்கு இரண்டு உள்ளீடு: டிஎன்எஸ் வடிவில் பெயர், அப்புறம் கன்டென்ட்ஹேஷ் அழைப்பின் பொதித்த பைட்டுகள். டிஎன்எஸ் வடிவம் என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம், கடைசியில் ஒரு பூஜ்ஜியம். ஆங்கிலத்தில் எழுதிய ‘வேலூர்.எத்’ துக்கு 7, ஏழு எழுத்து, 3, மூன்று எழுத்து, 0 என்று 13 பைட். நீளம் என்பது பைட் கணக்கு. தமிழ்ப் பெயரில் எழுத்தை எண்ணிப் போட்டால் கெட்டது. திரும்பி வரும் விடை உறைக்குள் உறை. வெப்3 ஒன்றைப் பிரித்துத் தரும். உள்ளே உள்ளதை ‘எத்_ஏபிஐ’யின் ‘டிகோட்’ கொண்டு நீங்கள் பிரிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் பைட் 227 இருக்க வேண்டிய இடத்தில் 0 நிற்கும்.

கேள்வி: 6,000 பெயர்களுக்கு எடுக்க வேண்டும். இருநூறு தாண்டுவதற்குள் 429 என்று தடுத்துவிடுகிறார்கள்.
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: பெயருக்கு இரண்டு அழைப்பு, ஆக 12,000. இலவசக் கணக்கு தாங்காது. பல அழைப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் மல்டிகால்3 என்கிற கான்ட்ராக்ட்டின் ‘அக்ரிகேட்3’ஐப் பயன்படுத்தி நூறு நூறாகக் கட்டினால் 120 அழைப்பில் முடியும். முதல் சுற்றில் ரிசால்வர்களை மட்டும் வாங்குங்கள். பூஜ்ஜியம் வந்தவற்றை ஒதுக்கி, மிச்சத்துக்கு இரண்டாவது சுற்று. ஒவ்வொன்றிலும் ‘அலௌஃபெய்லியர்’ மெய் என்று வைக்கவும். இல்லாவிட்டால் ஒரே ஒரு பழைய ரிசால்வர் ரிவர்ட் ஆகி, கூட இருந்த 99ஐயும் இழுத்துக்கொண்டு போகும். வாணியம்பாடி வாசகர் கேட்ட ரகப் பெயர்கள் மல்டிகாலுக்குள் தோற்கத்தான் செய்யும். அவற்றோடு, முதல் சுற்றில் பூஜ்ஜியம் வந்த சப்டொமைன்களையும் தனியே வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எல்லாச் சுற்றுக்கும் ஒரே பிளாக் எண்ணைக் கொடுங்கள், நடுவில் யாராவது பதிவை மாற்றினாலும் பட்டியல் ஒரே நேரத்துப் படமாக இருக்கும். 429 வந்தால் 1, 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டித்து முயலுங்கள். நாளையும் இதே 6,000ஐ முதலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை: பதிவு மாறும்போது ரிசால்வர் ‘கன்டென்ட்ஹேஷ்சேஞ்ச்ட்’ என்று நிகழ்வு வெளியிடும், ‘கெட்_லாக்ஸ்’ கொண்டு மாறியவற்றை மட்டும் பிடிக்கலாம். ஐபிஎன்எஸ் பதிவுகளுக்கு மட்டும் இந்த உத்தி பாதிதான் பலிக்கும். சங்கிலியில் எதுவும் மாறாமலே பக்கம் மாறிவிடும்.

கேள்வி: .பிட் பெயர்களையும் இதில் சேர்க்கலாமா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: அதற்கு எத்தீரியமே வேண்டாம். 2011இல் பிட்காயினிலிருந்து கிளைத்த நேம்காயினின் பெயர்கள் அவை. நேம்காயின் கோரை ஓடவிட்டு 8336ஆம் போர்ட்டில் ‘நேம்_ஷோ’ என்று கேளுங்கள். பெயருக்கு முன் ‘டி/’ போட வேண்டும், பின்னால் ‘.பிட்’ போடக் கூடாது. விடை 520 பைட்டுக்குள் அடங்கும் ஜேசன்: ‘ஐபி’, ‘என்எஸ்’, ‘மேப்’ போன்ற சாவிகள் இருக்கும். உரிமையாளர் கண்டபடி எழுதியிருந்தால் ஜேசனாகவே இருக்காது, அதனால் ‘ட்ரை’ போட்டுப் பிரியுங்கள். கூடவே வரும் ‘எக்ஸ்பயர்ஸ்_இன்’ எத்தனை பிளாக் மிச்சம் என்று சொல்லும். 36,000 பிளாக்குக்குள் புதுப்பிக்காவிட்டால் பெயர் போய்விடும். எதிர்ம எண் வந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொள்ள வேண்டாம்.